ஆனைமலைக்கு வழி

ஆப்பிரிக்கக் கண்டத்து வனவிலங்குக் காப்பகங்களைக் கண்டு வரும் அன்பர்கள் இன்று திருப்பூரிலும் உளர். பின்னலாடை வாணிபத்தின் பொருட்டு வெளிநாடு செல்வோர் சிலர், திரும்பும் வழியில் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவையோ, தான்சானியாவின் செரெங்கெட்டிச் சமவெளியையோ பார்த்து வந்து, தாம் எடுத்த படங்களை என்னிடம் காட்டியதுண்டு. மகிழ்ச்சியோடு பார்த்தேன். பார்த்தபின் அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "உங்கள் சொந்த மாவட்டத்துக்குள்ளேயே புலிகள் காப்பகம் ஒன்று பரந்து கிடக்கிறதே, அதற்கு வழி தெரியுமா?" பலர் விழிப்பர். சிலர், "டாப்ஸ்லிப் கோயம்புத்தூர் மாவட்டம் அல்லவா?" என்பர்.

டாப்ஸ்லிப் கோயம்புத்தூர் மாவட்டந்தான். ஆனால் ஆனைமலைப் புலிகள் காப்பகம் டாப்ஸ்லிப்போடு முடிந்துவிடுவதில்லை. 2009-ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது உடுமலைப்பேட்டை வட்டமும் நம்மோடு சேர்ந்தது. அதனுடன் உடுமலை, அமராவதி ஆகிய வனச்சரகங்களும் வந்து சேர்ந்தன. ஆனைமலைக் காப்பகத்தின் உட்பகுதி மட்டும் ஏறத்தாழ 958 சதுர கிலோமீட்டர். சுற்றிலுமுள்ள இடைப்பகுதி 521 சதுர கிலோமீட்டர். நூலும் சாயமும் பேசும் நம் ஊரிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் யானையும் காட்டெருமையும் உலவும் நிலம் தொடங்கிவிடுகிறது. சங்க நூல்கள் "ஆமா" எனச் சொல்வது இக்காட்டெருமையையே. பதிற்றுப்பத்தில் மூன்றாம் பத்தின் தலைவனான பல்யானைச் செல்கெழு குட்டுவன் கைக்கொண்ட உம்பற்காடு இம்மலைப் பகுதியே எனக் கருதும் ஆய்வாளரும் உண்டு.

இக்காட்டுக்குச் செல்ல இரண்டு வழிகள் உள. அவ்விரண்டும் எதற்காக ஏற்பட்டவை என்று ஆராய்ந்தால், காப்பகத்தின் வரலாறு முழுவதும் அவற்றில் அடங்கியிருப்பது தெரியும்.

முதல் வழி மேற்கு வழி. திருப்பூரிலிருந்து பல்லடம் வழியாகப் பொள்ளாச்சி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அங்கிருந்து ஆனைமலை என்னும் ஊர், அடுத்து வேட்டைக்காரன்புதூர், அதன்பின் மலையடிவாரத்துச் சேத்துமடை. அங்கே வனத்துறைச் சோதனைச் சாவடி. அதைக் கடந்து வளைந்து ஏறினால் டாப்ஸ்லிப். பொள்ளாச்சியிலிருந்து எல்லாம் சேர்ந்து 35 கிலோமீட்டரே.

இவ்வழியிலுள்ள ஆனைமலை ஊரில் மாசாணியம்மன் கோயிலைப் பார்க்காமல் போகலாகாது. படுத்த கோலத்தில் அமைந்த பெரிய திருவுருவம் அது. நன்னன் என்னும் குறுநில மன்னனின் காவல் மரமாகிய மாமரத்தின் கனியொன்று ஆற்றில் மிதந்து வர, அதனை எடுத்துண்ட பெண்ணை அவன் கொல்வித்தான் என்னும் சங்க காலச் செய்தியோடு இக்கோயிலை இணைத்துச் சொல்வது இப்பகுதி மரபு. கோயிலின் தோற்றம் பற்றிய வழக்கு எப்படியாயினும், மரத்தைக் காவலில் வைத்து மனிதரைத் தண்டித்த செய்தி ஒன்று இக்காட்டு வாசலிலேயே வழங்கி வருவதைக் காப்பகம் காணச் செல்வோர் மனத்திற் கொள்ளலாம்.

டாப்ஸ்லிப் என்னும் பெயரை நம்மவர் ஏதோ ஒரு துரையின் பெயரென்று எண்ணுவதுண்டு. அது மரம் வெட்டிய தொழிலின் பெயர். மலைமேல் வெட்டிய தேக்கு மரங்களை யானைகளைக் கொண்டு சரிவின் விளிம்புக்கு இழுத்து வந்து அங்கிருந்து கீழே சறுக்கி விடுவார்கள். உச்சியிலிருந்து சறுக்கும் இடம் ஆங்கிலேயர் வாயில் அவ்வாறு பெயர் பெற்றது.

அம்மரம் எங்கே போயிற்று? பெரும்பகுதி கடலுக்கே போயிற்று எனலாம். பம்பாயிலிருந்த கப்பல் கட்டும் துறையில் பார்சி இனத்து வாடியா குடும்பத்தார் ஆங்கிலக் கடற்படைக்குப் போர்க்கப்பல்கள் கட்டி வந்தனர். அவற்றுக்கு வேண்டிய தேக்கு மலையாளக் கரையிலிருந்து சென்றது. 1817-இல் அங்கே கட்டப்பட்ட "டிரிங்கோமலி" என்னும் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்து கொண்டிருக்கிறது என்றால் மலபார்த் தேக்கின் உறுதியை என்னென்பது! ஆனால் வெட்ட வெட்டக் குறையாத காடு உலகில் இல்லை. கரையோரத்துத் தேக்கு அருகியது. 1840-களில் மலபார்க் கலெக்டராயிருந்த கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் வைக்கத் தொடங்கினார். மறுபுறம், இன்னும் வெட்டப்படாத காடு எங்கே உள்ளது என்னும் தேட்டம் ஆனைமலையில் வந்து நின்றது.

1848-இல் ஜேம்ஸ் மைக்கேல் என்னும் இளம் படை அதிகாரி ஆனைமலைக் காட்டின் பொறுப்பை ஏற்றார். பம்பாய்த் துறைக்குத் தேக்கு அனுப்புவதே அவருக்கு இட்ட பணி. காட்டுத் தீயைத் தடுக்க முறையாக முயன்ற முதல்வருள் ஒருவராகவும் அவரைச் சொல்வர். மலைக்காய்ச்சல் மிகுந்த அக்காட்டில் வழி காட்டியவர்கள் காடர்கள். யானைக்குப் பாகராய் நின்றவர்கள் மலசர்கள். அதிகாரிகளின் பெயர்களெல்லாம் நூல்களில் ஏறியுள்ளன. காட்டை அவர்களுக்குக் காட்டியவர்களின் பெயர்களோ ஏறவில்லை. வரலாற்றாசிரியனாய்ப் பள்ளியில் நெடுங்காலம் கழித்த எனக்கு இது புதிதன்று. ஆயினும் ஒவ்வொரு முறையும் உறுத்தவே செய்கிறது.

1856-இல் டாக்டர் கிளெக்கார்ன் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரானார். அப்போது இருப்புப்பாதை போடும் காலம். சென்னையிலிருந்து பேப்பூர் வரை சென்ற பாதை 1862-இல் நிறைவுற்றது. திருப்பூரின் வளர்ச்சிக்கு அந்த இருப்புப்பாதையே அடிப்படை என்று நாம் பெருமையோடு பேசுகிறோம். தண்டவாளத்தின் கீழ்க் கிடத்தும் கட்டைகளும் மேலே ஓடும் எஞ்சினுக்கு எரிக்கும் விறகும் காடுகளிலிருந்து வந்தன என்பதையும் உடன் சொல்வதே முறை. காடு அழிவதைக் கிளெக்கார்ன் கண்டார், எழுதினார், கட்டுப்பாடுகளும் கொணர்ந்தார். பின்னர் 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்படி அரசு அறிவித்த காடுகளுக்கு "ரிசர்வ்" என்று பெயர். ஒதுக்கப்பட்ட காடு என்று தமிழில் எழுதினர். ஒதுக்குதல் என்னும் சொல்லுக்குத் தனியே எடுத்து வைத்தல் என்றும் பொருள். புறத்தே தள்ளுதல் என்றும் பொருள். மரம் முதற்பொருளிலும், மரத்தினடியில் வாழ்ந்தவர் இரண்டாம் பொருளிலும் ஒதுக்கப்பட்டனர்.

ஹ்யூகோ உட் என்பவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1926 வரை ஏறத்தாழப் பத்தாண்டுகள் இங்கே வன அதிகாரியாயிருந்தவர். அவர் வந்தபோது டாப்ஸ்லிப்பைச் சுற்றிய சரிவுகள் பெரும்பாலும் மொட்டையாய்க் கிடந்தன. மரத்தை வேரோடு அழிக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டினால் அது மீண்டும் துளிர்க்கும் என்னும் முறையை அவர் வலியுறுத்தினார். பையில் தேக்கு விதைகளை நிரப்பிக் கொண்டு, கைத்தடியால் நிலத்தில் குழியிட்டு, நடந்த இடமெல்லாம் விதைத்துச் சென்றார் என்று இன்றும் டாப்ஸ்லிப்பில் சொல்வர். 1933-இல் மறைந்த அவர், தாம் வளர்த்த தேக்குகளுக்கு நடுவே மவுண்ட் ஸ்டூவர்ட்டில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். என் நினைவுச் சின்னத்தைக் காண விரும்பினால் சுற்றிலும் பார் என்னும் கருத்துடைய இலத்தீன் வாசகம் அக்கல்லறையில் உள்ளது. சுற்றிலும் பார்த்தால் தேக்கு வானளாவி நிற்கிறது. வெட்ட வந்த அரசின் அதிகாரி ஒருவர் நட்டு வைத்துப் போனது பெரிய செய்தியே. எனினும் தேக்கு மட்டும் நிறைந்த தோட்டம் காடாகிவிடாது. அருகேயுள்ள கரியன் சோலையின் நுழைவிலே நின்று பார்த்தால் வேற்றுமை விளங்கும். கொடியும் பாசியும் பெரணியும் பின்னிக் கிடக்கும் அம்மழைக்காட்டை எவரும் நட்டு வளர்க்க இயலாது.

மரத்தை அடுத்து மலையிலிருந்து இறங்கியது யானை. யானை நடக்கும் தடத்தில் ஆழக் குழி வெட்டி, மேலே மூங்கிலும் தழையும் பரப்பி, வீழ்ந்த யானையைப் பழக்குவது இங்கே கையாண்ட முறை. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1977-இல் யானைக்கு அதில் அளிக்கப்பட்ட முதல் அட்டவணைப் பாதுகாப்பும் அம்முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. கோழிகமுத்தி முகாமில் இன்று உள்ள யானைகள் மரம் இழுப்பதில்லை. ஊருக்குள் புகும் காட்டு யானைகளை விரட்டுவதற்குக் கும்கிகளாகச் செல்கின்றன. அவற்றுள் புகழ்பெற்ற கலீம் என்னும் யானை, அரசு ஊழியரைப் போலவே 60 வயதில், 2023-இல் ஓய்வு பெற்றது. வன அதிகாரிகள் அணிவகுத்து நின்று அதற்கு மரியாதை செலுத்தினர். தலைமையாசிரியர்களுக்குக் கிடைப்பதைவிடச் சிறந்த வழியனுப்பு விழா அது என்பதில் எனக்குப் பொறாமை இல்லை.

மூன்றாவதாக இறங்கியது தண்ணீர். பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தை 1961-இல் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். மேற்கு நோக்கி ஓடிய ஆறுகளின் நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, திருமூர்த்தி அணை வரை கொண்டு வந்து, உடுமலை, பல்லடம், காங்கயம் பகுதிகளின் வறண்ட புன்செய்க்குப் பாய்ச்சும் பெருந்திட்டம் இது. தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே 1970-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1958 முதலே செல்லுபடியாகும் என்று வைத்துக் கொண்டனர். இத்திட்டத்தால் நேர்ந்த விந்தை ஒன்றுண்டு. பரம்பிக்குளம் கேரள மாநிலத்துக் காப்பகம். ஆனால் அங்கே சாலை வழியாகச் செல்ல வேண்டுமானால் தமிழகத்துச் சேத்துமடையும் டாப்ஸ்லிப்பும் கடந்தே செல்ல வேண்டும். அக்காட்டில் துணக்கடவுக்கு அருகே கன்னிமரா என்னும் தேக்கு மரம் ஒன்று நிற்கிறது. சுற்றளவு ஆறரை மீட்டருக்கு மேல். கைகோத்து நின்று அதைத் தழுவப் பலர் வேண்டும். அத்தனை கோடரிகள் நடமாடிய காட்டில் அது தப்பி நின்றதற்குக் காரணம், அதைத் தெய்வமாகக் கொண்டு வணங்கியவர்களே.

மரமும் யானையும் நீரும் இறங்கிய அதே தடத்தில்தான் இன்று நாம் ஏறிச் செல்கிறோம். 1976-இல் இக்காடு வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 1989-இல் உட்பகுதிகள் சில தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2007 டிசம்பர் இறுதியில் புலிகளுக்குரிய உட்பகுதி வரையறுக்கப்பட்டது. 2012-இல் கரியன் சோலையும் புல்மலையும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் இடம் பெற்றன. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோலைகளை அழித்து உண்டாக்கப்பட்டவை. அது தனியே ஒரு பேச்சுக்குரிய பொருள்.

இனி இரண்டாம் வழி. இது நம் மாவட்டத்து வழி. திருப்பூரிலிருந்து உடுமலைப்பேட்டை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அங்கிருந்து தெற்கே அமராவதி நகர். 1957-இல் கட்டி முடித்த அமராவதி அணை, 1962-இல் தொடங்கிய சைனிக் பள்ளி, முதலைப் பண்ணை ஆகிய மூன்றும் அங்கே உள. அணைக்கு அப்பால் மூணாறு செல்லும் சாலையில் ஒன்பதாறு சோதனைச் சாவடி. அதைக் கடந்தால் இருபுறமும் புலிகள் காப்பகமே. சாலை மாநில எல்லையைத் தாண்டிக் கேரளத்துச் சின்னாறு சரணாலயத்துள் புகுந்து மறையூர் வழியாக மூணாறு செல்கிறது. சின்னாறு, தேனாறு, பாம்பாறு என்னும் மூன்று ஆறுகளும் கூடி அமராவதியாகின்றன. பழைய நூல்களில் ஆன்பொருநை என்று பெயர் பெற்ற ஆறு அதுவே.

இங்கே மலையின் முகம் வேறு. வால்பாறைக்கு அருகேயுள்ள சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்று. அதே மலைத்தொடரின் கிழக்குப் புறமாகிய சின்னாறு மழை மறைவுப் பகுதி. ஆண்டில் 50 நாட்களளவே மழை. முள்மரங்களும் கள்ளியும், ஆற்றோரத்தில் மருத மரங்களும், அம்மரங்களில் சாம்பல் நிற மலையணிலும், புதர்களில் நட்சத்திர ஆமையும் காணலாம். உள்ளே மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு. வெளிறிய நிறமுடைய காட்டெருமைகள் அங்கே உள என்பது நெடுங்காலச் செய்தி.

மேற்கு வழியில் பயணிக்கு விடுதி உண்டு, வனத்துறை வண்டி உண்டு. கிழக்கே, நம் மாவட்டத்துக் காட்டுக்குள், ஊர்களே உண்டு. குருமலை, மேல்குருமலை, பூச்சிகொட்டாம்பாறை, குழிப்பட்டி, மாவடப்பு, தளிஞ்சி, மஞ்சம்பட்டி, கோடந்தூர், ஈசல்தட்டு, கருமுட்டி என்று அவற்றின் பெயர்களைச் சொல்லிக் கொண்டே போகலாம். முதுவரும் புலையரும் அங்கே வாழ்கின்றனர். சாமையும் தினையும் எலுமிச்சையும் பயிரிடுவர். தைலப் புல் காய்ச்சுவர். 1848-இல் மைக்கேல் துரை மேற்கே மலையேறுமுன்னரே அவர்கள் அங்கே இருந்தனர்.

அவ்வூர்களுக்கு வழி எது? திருமூர்த்தி மலையடிவாரத்திலிருந்து குருமலைக்குச் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. சில கிலோமீட்டர் நடை. வண்டியில் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, ஆழியாறு, அட்டகட்டி, காடம்பாறை என்று மலையையே சுற்றிக் கொண்டு போக வேண்டியிருந்தது. பிள்ளைப்பேற்றுக்கு நாள் நெருங்கியவர்களையும் பாம்பு தீண்டியவர்களையும் மூங்கிலில் துணி கட்டித் தொட்டிலாக்கி, நால்வர் தோளில் சுமந்து அப்பாதையில் இறக்கிய செய்திகள் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வந்துள்ளன. தளிஞ்சிக்காரர்கள் கூட்டாற்றைக் கடந்தே மூணாறு சாலைக்கு வர வேண்டும். வெள்ளக் காலத்தில் அரிசியும் மருந்தும் அக்கரையிலேயே நின்றுவிடும்.

நான் பணியாற்றிய பள்ளியில் மலையூர் மாணவன் ஒருவன் விடுதியில் தங்கிப் படித்தான். ஐப்பசி விடுமுறைக்குச் சென்றவன் ஒன்பது நாள் கழித்தே திரும்பினான். விடுப்பு விண்ணப்பத்தில் பிற மாணவர் காய்ச்சல் என்றும், உறவினர் திருமணம் என்றும் எழுதுவர். அவன் எழுதியிருந்த காரணம் இரண்டே சொற்கள்: "ஆறு இறங்கவில்லை." வருகைப் பதிவேட்டில் அதற்கெனத் தனிக் குறியீடு ஏதும் இல்லை.

சட்டம் இல்லாமலில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகள் 2008 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. காப்பகத்தின் உட்பகுதி அறிவிக்கப்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்தன. பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்கு வன நிலம் தரலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாகவும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமலும், கிராம சபையின் பரிந்துரையோடு தரலாம் என்கிறது அச்சட்டம். தமிழகத்தில் உயர்நீதிமன்றத் தடையால் 2016 வரை பட்டா வழங்குவது நின்றிருந்தது. உச்சநீதிமன்றம் அத்தடையை நீக்கியது. மற்றொரு சிக்கல் புலையர்களுக்கு. அவர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லாமல் அட்டவணைச் சாதிப் பட்டியலில் வைக்கப்பட்டவர்கள். பழங்குடியல்லாத வனவாசிகள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். காட்டை ஆவணமாகக் கொண்டவனிடம் காகிதத்தை ஆவணமாகக் கேட்டால் அவன் எங்கே போவான்?

சாலை வந்தால் காடு கெடும் என்னும் அச்சத்தை நான் எள்ளவில்லை. அந்த அச்சத்தில் உண்மை உண்டு. சாலை போனால் பின்னாலேயே விடுதியும் கடையும் நெகிழிப் பையும் போகும். ஆனால் உல்லாசப் பயணியின் வண்டிக்குத் திறந்த காட்டில், நோயாளியின் வண்டிக்கு மட்டும் புலியைக் காரணம் காட்டுவது நேர்மையன்று.

க்ரூகர் பூங்காவைக் கண்டு வந்த நண்பர்களுக்கு ஒரு செய்தி. 1898-இல் சிறிய காப்பகமாகத் தொடங்கி 1926-இல் தேசியப் பூங்காவான அந்நிலத்தின் வடகோடியில் மகுலேக்கே என்னும் மக்கள் வாழ்ந்தனர். 1969-இல் அவர்களை வெளியேற்றி அந்நிலத்தைப் பூங்காவோடு சேர்த்தனர். நிறவெறி ஆட்சி முடிந்தபின், 1998-இல் நிலம் அவர்களுக்கே திரும்பியது. அவர்கள் அதை வேலியிட்டுக் கொள்ளவில்லை. நிலம் தங்களுடையது, காடு காடாகவே இருக்கட்டும் என்று பூங்காவோடு உடன்படிக்கை செய்து, பயணிகளால் வரும் வருவாயில் பங்கு பெற்றனர். நம் மலையிலும் சான்றுண்டு. வால்பாறைப் பக்கம் கல்லாறு குடியிருப்புக் காடர்கள் 2019 மழையில் மண்சரிவால் வீடிழந்து, தெப்பக்குளமேட்டில் நிலம் வேண்டுமென்று விடாது போராடி, வன உரிமைச் சட்டத்தின்படியே அதைப் பெற்றனர். அதனால் ஆனைமலையில் காடு குறைந்துவிடவில்லை.

செல்ல விரும்புவோர்க்குச் சில செய்திகள். டாப்ஸ்லிப்பில் தங்க வனத்துறையிடம் முன்பதிவு செய்தல் வேண்டும். காட்டுக்குள் சொந்த வண்டியில் சுற்ற இயலாது; துறையின் வண்டியே செல்லும். கோடையில் காட்டுத் தீயஞ்சிக் காப்பகத்தை மூடுவதுண்டு, விசாரித்தறிந்தே புறப்படுக. மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் நல்லன. நெகிழிப் பொருள்களைச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக் கொள்வர். மூணாறு சாலையில் பேருந்திலேயே செல்லலாம்; மாலையில் யானைகள் அணை நீருக்கு இறங்கும் நேரமாதலால் காரில் செல்வோர் வெளிச்சத்திலேயே கடந்துவிடுவது நன்று. வழியில் தலைச்சுமையோடு நடந்து வருவோரைக் கண்டால், அவர்கள் காட்சிப் பொருள்கள் அல்லர். ரேஷன் அரிசி வாங்கிக் கொண்டு வீடு திரும்புகிறவர்கள். கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.